பெயர் சொல்லாமல் கூப்பிட்ட குரல்

போன மாதம் ஒரு கல்லூரியில், ஒலியை வைத்துக் கலை செய்யும் பிள்ளைகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, "சார், ஒரு சத்தத்தை எந்த இடத்துல வைக்கணும்னு எப்படி முடிவு பண்றீங்க? அதுக்கு ஏதாவது சாஃப்ட்வேர் இருக்கா?" என்று கேட்டாள். எங்கள் காலத்தில் அதற்கு ஒரு சாக்பீஸும் தேயாத செருப்பும் வேண்டியிருந்தன என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு முழுப் பதிலையும் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். மிதித்தவன் அங்கேயே நிற்காமல் பௌதிகத்தில் பட்டமும் வாங்கிவிட்டேன். எழுபதுகளின் நடுவில் அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எனக்குக் கிடைத்த முதல் வேலை, திருவண்ணாமலையில் கரீம் பாயின் மைக் செட் கடையில் அறிவிப்பாளர் வேலை. பாய் குடும்பம் பல தலைமுறையாக ஊரில் வியாபாரம் செய்துவந்த குடும்பம். என்னை எடுத்தபோது அவர் சான்றிதழைப் பிரித்தே பார்க்கவில்லை.

"வாழைப்பழம்னு சொல்லு," என்றார்.

சொன்னேன்.

"ழ வருது. நாளைலருந்து வந்துடு."

கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஊரெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். கம்பம் ஏறவும், ஒயர் முறுக்கி ஒட்டவும், ஆம்ப்ளிஃபயர் சூடானால் முகர்ந்தே கண்டுபிடிக்கவும் பாய் சொல்லிக்கொடுத்தார். சத்தத்தைப் பற்றி அவருக்கு ஒரே கொள்கைதான். கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் ஜாஸ்தி பண்ணு. நூறு பேர் காது வலிக்கிறது என்று சொன்னாலும் கம்மி பண்ணாதே.

வத்சலா மேடம் எங்கள் கடைக்கு வந்தது ஒரு முகூர்த்த மாதத்தில். அவரும் கணவரும் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தார்கள். கணவர் மௌன விரதம். வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். மேடம் மெட்ராஸில் வானொலி நாடகங்களுக்கு மழை, குதிரை, கதவு என்று சத்தம் செய்துகொடுத்துக்கொண்டிருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு வந்திருந்தார். கணவருக்கு மௌனம் நன்றாக ஒத்துக்கொண்டது. இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அவ்வளவுதான்.

ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து யாராவது கடை ஏறி வந்தால் அது சண்டைக்குத்தான் இருக்கும். அதனால் பாய் முந்திக்கொண்டார்.

"வாங்கம்மா. சத்தம் ஜாஸ்தி, அதான? கல்யாண வூட்டுக்காரங்க கேக்கறாங்க, நாங்க இன்னா பண்றது?"

"அதுக்கு வரல. கல்யாண மண்டபத்துக்கு மேல கட்டியிருக்கீங்களே ஒரு குழாய், அது கிழிஞ்ச மாதிரி பேசுது."

"இன்னிக்கே மாத்திடறேம்மா."

"ஐயோ, மாத்திடாதீங்க. ரெண்டு நாளா அதைத்தான் டேப்புல பிடிச்சிட்டிருக்கேன். இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்."

பாய் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மேடம் என் பக்கம் திரும்பி, "மைக்ல பேசறது நீங்களா? உங்க குரல் எதிர்ச் சுவர்ல பட்டுத் திரும்பி வந்து உங்க அடுத்த வார்த்தை மேலயே உக்காருது. உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். சாயந்தரம் வந்தால் காட்டுவதாகச் சொன்னார். போனேன். அதன்பிறகு ஏறக்குறைய மூன்று வருடம், வேலை இல்லாத பொழுதெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

அவரிடம் தோளில் மாட்டும் ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஒன்று இருந்தது. முதல் சில மாதம் அதைத் தொடவே விடவில்லை. கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து ஊருக்குள் அனுப்பினார். ஒரு சத்தத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; உதாரணமாக, மல்லாட்டை உடைக்கும் மில் (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேச்சு). அதிலிருந்து விலகி நடந்துகொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் அது காதுக்குச் செத்துப்போகிறதோ அங்கே தரையில் ஒரு கோடு. திரும்பி வந்து வேறு திசையில் நடை. மறுபடி கோடு. மாலையில் எல்லாக் கோட்டையும் காகிதத்தில் சேர்த்தால் அந்த மில்லின் சத்தம் ஊரில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று ஒரு வடிவம் கிடைக்கும். வட்டமாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்றுகூட வட்டமாக வரவில்லை. ஒரு தெருவில் நாக்கு நீட்டும், இன்னொரு தெருவில் வாசலிலேயே நின்றுவிடும். மாட வீதிகளில் கோபுரமும் மதிலும் சத்தத்தைத் தட்டித் திருப்பும். மேற்குப் பக்கம், பேகோபுரத் தெருவில், மலை அதை வாங்கி வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதமாகத் திருப்பித் தரும். அந்தத் தெருவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் கூப்பிட்டவர் முன்னால் இருக்கிறாரா பின்னால் இருக்கிறாரா என்றே தெரியாது. ஊர் முழுக்க நான் சாக்பீஸோடு குனிந்து கோடு போடுவதைப் பார்த்தவர்கள், பாய் எனக்கு வேலை ஜாஸ்தி கொடுத்து மூளையைக் கெடுத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

பிறகு ரிக்கார்டரைக் கையில் கொடுத்தார். நாடாவை வெட்டவும் ஒட்டவும் கற்றுக்கொண்டேன். பிளேடை நேராக வைத்து வெட்டினால் ஒட்டிய இடம் டக்கென்று இடிக்கும். சாய்வாக வெட்டினால் ஒரு சத்தம் இன்னொன்றுக்குள் நழுவிப் போகும். இந்தச் சாய்வு கைக்கு வர எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது.

மேடம் யாரையும் பாராட்டியதில்லை, திட்டியதும் இல்லை. நான் ஊரிலிருந்து கொண்டுபோகும் மல்லாட்டையை முறத்தில் கொட்டிக்கொண்டு உரித்தபடியே நான் பிடித்துவந்த டேப்பைக் கேட்பார். கோயில் மணி, விடியற்காலைக் குருவி, ஏரிக்கரைத் தவளை என்று அழகழகாகப் பிடித்துக்கொண்டு போவேன். மல்லாட்டை உரிபட்டுக்கொண்டே இருக்கும். டேப் முடியும்போது முறம் நிறைந்திருக்கும். "ம்" என்பார். அதற்கு அர்த்தம், அடுத்த வாரம் வேறு கொண்டுவா.

ஒருநாள் தவளைகள் முடிந்த பிறகும் டேப் ஓடிக்கொண்டிருந்தது. ரிக்கார்டரை நிறுத்த மறந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதில் என் அம்மாவின் குரல்: "ஏழுமலே… ஏ ஏழுமலே… சோறு போட்டாச்சி."

உரிக்கும் கை நின்றது.

"உங்களை எதுக்கு இவ்ளோ தூரத்துக்குக் கூப்பிடறாங்க? மைக் பக்கத்துலதானே நிக்கறீங்க?"

"என்னைக் கூப்பிடலீங்க. அப்பா ஏரிக்கு அந்தாண்ட இருந்தாரு. அப்பா பேர அம்மா சொல்ல மாட்டாங்க. என் பேர சொல்லிக் கூப்பிட்டா அவரு வருவாரு."

"நீங்க வந்தா?"

"நீ எதுக்குடா வந்தன்னு திட்டுவாங்க."

மேடம் முறத்தை ஓரமாகத் தள்ளிவைத்தார். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். மறுபடியும். கணவர் உள்ளேயிருந்து வந்து சிலேட்டை நீட்டினார்: 'சத்தத்தைக் குறை.' மேடம் சிலேட்டை வாங்கி, அதன் கீழேயே எழுதிக் கொடுத்தார்: 'முடியாது.'

அன்றிலிருந்து எனக்கான வேலை எது என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. கீழ்பென்னாத்தூரைச் சுற்றியிருந்த ஊர்களில் வீடு வீடாகப் போய், மனிதர்கள் ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பிடித்தேன். கிணற்றடியிலிருந்து, களத்திலிருந்து, வேலிக்கு இந்தாண்ட நின்று. பிள்ளை பெயரைச் சொல்லிப் புருஷனைக் கூப்பிடுகிறவர்கள், தொண்டையைச் செருமிக் கூப்பிடுகிறவர்கள், தவலைப் பாத்திரத்தைக் கரண்டியால் தட்டிக் கூப்பிடுகிறவர்கள். அதையெல்லாம் வெட்டி ஒட்டி, மேடத்தின் அறையில் மூலைக்கு ஒரு ஸ்பீக்கராக வைத்து, ஒரு மூலையில் கூப்பிட்டால் இன்னொரு மூலையில் பதில் வருகிற மாதிரி செய்தேன். கேட்க வந்தவர்களில் என் அப்பாவும் இருந்தார்.

"இதக் கேக்கறதுக்கா பஸ்ஸு ஏறி வந்தேன்?" என்றார் முடிந்ததும். "நம்ம ஊருல தினம் கேக்கறது."

கொஞ்ச நேரம் கழித்து, "இன்னொரு தரம் போடு," என்றார்.

எண்பதுகளில் நாடகக் குழுக்களுக்கு ஒலி அமைத்தேன். கண்காட்சிகளுக்கு, அருங்காட்சியகக் கூடங்களுக்கு வேலை வந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். நல்ல வேலைகள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இந்தத் தொழிலை என்னால் செய்ய முடியும் என்று எனக்குத் தெரிந்தது அதற்கெல்லாம் முன்னால், கார்த்திகைத் திருவிழாவின் தேர் நாளன்று ஒரு மத்தியானம்.

அந்த வருடம் மாட வீதி நான்குக்கும் ஸ்பீக்கர் கட்டும் வேலை முதன்முறையாகப் பாய்க்குக் கிடைத்திருந்தது. பல வருடம் கேட்டுக் கேட்டு வாங்கியது. தேரடியில் கீற்றுப் பந்தல் போட்டு, ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கி, வீதிக்கு ஒரு லைன் இழுத்து, எல்லாவற்றையும் ஒரே பலகையில் சுவிட்சோடு இணைத்திருந்தோம். காணாமல் போனவர்கள் அறிவிப்பு, போலீஸ் அறிவிப்பு, இடையில் பக்திப் பாட்டு. மேடமும் வந்திருந்தார். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கும் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமாம். பெரிய தேர் தெற்கு வீதியில் மத்தியானத்துக்காக நின்றிருந்தது. மேளம் ஓய்ந்திருந்தது. மேடம் பந்தலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது ஓர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். பெயர் பச்சையம்மா. எங்கள் பக்கத்து ஊர்தான்.

"எங்க வூட்டுக்காரரக் காணோம்."

"பேரு இன்னாம்மா?"

"அத எப்படி நான் சொல்றது?"

பாய் குறுக்கே வந்தார். "நீங்க சொன்னாதானம்மா நாங்க மைக்ல சொல்ல முடியும்?"

"நீங்க சொல்லுங்க, வாணாங்கல. நான் சொல்ல மாட்டேன்."

"எங்களுக்குத் தெரியணும் இல்ல?"

பச்சையம்மா கொஞ்சம் யோசித்தார். "பழத்துக்குக் கோச்சிக்கினு மலைக்குப் போனாரே, அவரு பேரு."

"முருகன்," என்றார் பாய், பரீட்சையில் பாஸானவர் போல.

"அதவிடக் கொஞ்சம் ஜாஸ்தி."

"முருகேசன்?"

பச்சையம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். சரி என்று எடுத்துக்கொண்டேன். ஊர்ப் பெயர் சேர்த்து அறிவித்தேன். கொஞ்ச நேரத்தில் மூன்று முருகேசன்கள் வந்து சேர்ந்தார்கள். கூட்டத்தில் ஊர்ப் பெயர் யார் காதில் விழுந்தது? பச்சையம்மா ஒவ்வொருவரையும் புடவைக் கடையில் பார்ப்பதுபோல ஏற இறங்கப் பார்த்து, "இது இல்ல," என்றார். மூன்றாவது ஆள், "நான் எங்கயும் காணாமப் போவலம்மா, கூப்பிட்டீங்களேன்னு வந்தேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் பச்சையம்மா அந்த விஷயத்தைச் சொன்னார். "அவருக்குக் கண்ணு தெரியாது தம்பி. வெளிச்சம் தெரியும், ஆளு தெரியாது. பேகோபுரத்தாண்ட செவுத்தோரமா ஒக்கார வெச்சிட்டுத் தண்ணி கொண்டாரப் போனேன். வந்து பாத்தா ஆளு இல்ல."

"காது?"

"காது நல்லா கேக்கும். கேக்க வாணாம்னு சொன்னதும் கேக்கும்."

தேர் கிளம்பினால் அடுத்துத் திரும்புவது பேகோபுரத் தெருவுக்குள். மூலை திரும்பும்போது தேரை இழுக்கும் இரும்புச் சங்கிலி தெருவின் உள்பக்கத்தை அப்படியே பெருக்கிக்கொண்டு வரும். கண் தெரிந்தவர்களே துள்ளி ஒதுங்குவார்கள். சாப்பாட்டு நேரம் முடிவதற்குள் அவரை அங்கிருந்து எடுத்தாக வேண்டும். அவ்வளவு கூட்டத்தில் ஒரு கிழவரைப் போலீஸ் எங்கே போய்த் தேடும்?

மேடம் இலையை மடித்துவிட்டு என்னிடம் வந்தார். "அவர் சத்தம் வர்ற பக்கம்தானே நடப்பார்?"

"ஆமாங்க."

"இப்ப அது எந்தப் பக்கத்துலருந்து வருது?"

எல்லாப் பக்கத்திலிருந்தும். நான்கு வீதியிலும் எல்லாக் குழாயிலும் ஒரே நேரத்தில் என் குரல் போகிறது. போதாததற்கு மலை வேறு அதைத் திருப்பிக் கொடுக்கிறது. பெரியவரைப் பொறுத்தவரை ஊர் முழுக்க நின்று அவரைக் கூப்பிடுகிறது. எந்தப் பக்கம் போவார்?

"ஒரே ஒரு குழாய்தான் பேசணும்," என்றேன்.

"எந்தக் கம்பம்?" என்றார் மேடம். பதில் அவருக்குத் தெரிந்திருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லும்வரை நின்றார்.

பேகோபுரத் தெருவில் நான் போட்ட கோடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். "வடக்குக் கோடியில, எண்ணெய்க் கடைக்கு எதுத்தாப்பல இருக்கறது. அது மலைக்கு முதுகு காட்டிட்டு இருக்கு, மதில்லயும் நேரா படாது. அதுவும் இல்லாம, அதை நோக்கி நடந்தா தேர் திரும்பற மூலையை விட்டு விலகித்தான் போவார்."

"சத்தம்?"

"கம்மி."

பாய்க்கு இது பொறுக்கவில்லை. "கூட்டத்துல ஜாஸ்தி வெச்சாதான்டா கேக்கும்?"

"ஜாஸ்தி வெச்சா எல்லாப் பக்கமும் கேக்கும் பாய். ஒரு பக்கம் கேக்கணும்னா கம்மிதான் வெக்கணும்."

பந்தலில் காவலுக்கு இருந்த போலீஸ் அதிகாரியிடம் கேட்டோம். "தேர் அன்னிக்கி மைக்க நிறுத்தணும்ங்கறியா? நெரிசல் ஏதாவது ஆச்சின்னா நான் எதுல சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயம். தேர் நிற்கும் நேரம் மட்டும்தான் நிறுத்துவோம், வேண்டும்போது மற்ற மூன்று வீதிகளையும் ஒரு சுவிட்சில் திரும்பப் போட்டுவிடலாம் என்று பலகையைக் காட்டினேன். அவர் பாயைப் பார்த்தார். "ஏதாவது ஏடாகூடமாச்சி, அடுத்த வருஷம் இந்தப் பந்தல்ல வேற ஆளு ஒக்காந்திருப்பான். பாத்துக்க."

பாய் தாடியைத் தடவினார். அவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. "போடா," என்றார் என்னிடம். "ஏணிய எடு."

மைக்கில் யார் பேசுவது என்பதுதான் மீதி. என் குரலுக்கு அந்தப் பெரியவர் ஏன் வர வேண்டும்? மைக்கைப் பச்சையம்மா முன்னால் வைத்தேன். அவர் பின்வாங்கினார்.

"நான் இன்னா பேசறது?"

"வூட்ல எப்படிக் கூப்புடுவீங்க?"

"நான் அவரக் கூப்புடறதே இல்ல."

"சோத்துக்கு?"

"சோத்துக்குச் செவலையக் கூப்புடுவேன். அவரு வந்துடுவாரு."

"செவலை யாரு?"

"மாடு."

மேடத்தின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "அதையே கூப்புடுங்கம்மா," என்றேன்.

"சாமி வீதி உலா வர்ற நாளுல மாட்டக் கூப்புடறதா? ஜனங்க இன்னா சொல்லும்?"

பாய்தான் வழி சொன்னார். "சாமிகிட்டயும் ஒரு மாடு இருக்குதும்மா. அவரு தப்பா எடுத்துக்க மாட்டாரு. நீங்க கூப்புடுங்க."

நானும் மேடமும் சைக்கிளில் வடக்கு வீதி வழியாகச் சுற்றிப் போனோம். ஏணி என் தோளில், ரிக்கார்டர் கேரியரில் உட்கார்ந்த மேடத்தின் மடியில். பேகோபுரத் தெருவில் கம்பம் கம்பமாக ஏறி, முறுக்கி ஒட்டியிருந்த இணைப்புகளைப் பிரித்துவிட்டேன். எண்ணெய்க் கடை எதிரில் இருந்ததை மட்டும் விட்டேன். பேசிவைத்திருந்தபடி பாய் பலகையில் மற்ற மூன்று வீதிகளையும் அணைத்தார். பாட்டு நின்றது. தெருவே ஒரு நிமிடம் ஏதோ குறைகிற மாதிரி அண்ணாந்து பார்த்தது.

பிறகு அந்தக் குரல் வந்தது.

"செவலே…"

தயங்கித் தயங்கி. பிறகு களத்து மேட்டிலிருந்து கூப்பிடுகிற இழுப்போடு.

"ஏ செவலே… வெயிலு ஏறிடுச்சி… கஞ்சி ஆறிப்போவுது… வா."

கூட்டம் சிரித்தது. "மாடு தேர் இழுக்கப் போயிருக்குது பாட்டி," என்று ஒருவன் கத்தினான். ஆனால் நான் வேறொன்றைப் பார்த்தேன். காலையிலிருந்து என் அறிவிப்புக்கு ஒருத்தரும் குழாய்ப் பக்கம் தலை திருப்பவில்லை. இப்போது அந்தத் தெருவில் இருந்த அத்தனை முகமும் ஒரே கம்பத்தைப் பார்த்தது. சத்தத்துக்கு முகம் வந்துவிட்டது. அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

"அங்க பாருங்க," என்றார் மேடம்.

தெருவின் தெற்குப் பாதியில், தேர் திரும்பும் மூலைக்குக் கொஞ்சம் இந்தாண்ட, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர். கை மதிலைத் தடவிக்கொண்டே இருந்தது. குரல் வரும்போது நடந்தார். பச்சையம்மா மூச்சு வாங்க நிறுத்தினால் அவரும் நின்றார். அடுத்த "செவலே" வந்ததும் மதிலை விட்டுவிட்டுத் தெருவுக்குள் இறங்கினார். ஜனங்கள் மேல் இடித்தார், திட்டு வாங்கினார், ஆனால் திசை மாறவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனேன். மேடம் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "வரட்டும். வந்துட்டிருக்காரு இல்ல?"

நேராகக் கம்பத்துக்கு வந்து அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அண்ணாந்து குழாயிடம் சொன்னார்:

"தோ வந்துட்டேன் இல்ல? இன்னாத்துக்கு ஊரக் கூட்டற?"

"பெரியவரே, அம்மா தேரடியில இருக்காங்க, வாங்க போலாம்," என்றேன்.

"யாருடா நீ? அவ இங்க பேசறா, அங்க இருக்கான்ற."

எவ்வளவு சொல்லியும் கம்பத்தை விடவில்லை. மேடத்தை அவரிடம் விட்டுவிட்டு நான் சைக்கிளை மிதித்தேன். பச்சையம்மா அதற்குள் தொண்டை கட்டி, பாதிக் குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டார் என்றதும் மைக்கைக் கும்பிட்டுவிட்டு எழுந்தார். கேரியரில் உட்கார்ந்து, என் இடுப்பைப் பிடிக்கக் கூச்சப்பட்டு, சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியெல்லாம் "மெல்ல, மெல்ல" என்றார்.

நாங்கள் பேகோபுரத் தெருவுக்குள் நுழையும்போது தெற்கே மேளம் ஆரம்பித்துவிட்டது. பெரியவர் கம்பத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "ஏன் பேச்ச நிறுத்திட்ட? கோவமா?"

பச்சையம்மா அவர் பக்கத்தில் போய் நின்று, தொண்டையில் மிச்சம் இருந்த குரலில், "கஞ்சி ஆறிப்போச்சி," என்றார்.

அவர் கம்பத்தை விட்டார்.

மேடத்தின் ரிக்கார்டரைப் பார்த்தேன். சக்கரம் சுழலவில்லை.

"எடுத்தீங்களா மேடம்?"

"கூட்டம் சிரிச்ச வரைக்கும் எடுத்தேன். அவரு பதில் சொல்ல ஆரம்பிச்சதும் நிறுத்திட்டேன்."

"ஏங்க?"

"தெரியல ஏழுமலை. நிறுத்தணும்னு தோணிச்சு."

நான் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கம்பமாக ஒட்டிக்கொண்டு வந்தேன். தேர் மூலையில் தலை காட்டும்போது எல்லாக் குழாயும் பேசின. அடுத்த வருடமும் அதே பந்தலில் நாங்கள்தான் உட்கார்ந்தோம். பாய் பலகையில் ஒரு சுவிட்சைச் சேர்த்திருந்தார், அந்த ஒரு கம்பத்துக்கு மட்டும்.

தேர் கடந்து போனதும் இருவரையும் பஸ் நிற்கும் பக்கம் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழியில் பேச்சுக்காகக் கேட்டேன்.

"செவலைய ஊருல யாரும்மா பாத்துக்கறாங்க?"

பச்சையம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது போயி எம்மாங் காலம் ஆவுது தம்பி. அதுக்கப்புறம் மாடே வாங்கல."

"அப்ப…"

"வேற எப்படி இவரக் கூப்புடறது?"

அவர் முன்னால் நடந்தார். பெரியவர் பின்னால்.

"செவலே, சாக்கடை. தாண்டு."

பெரியவர் தாண்டினார்.